பள்ளிக்கு வந்த பறக்கும் சைக்கிள்



உங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் வெறும் தரையில் நீட்டிப் படுத்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் விளையாட்டு ஆசிரியர். அவருக்கும் பக்கத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியை. மூன்று பேரும் கண்களை இறுக மூடியிருக்கிறார்கள். நீங்கள் எல்லோரும் எதிரே உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது தூரத்தில் இருந்து ஓர் இளைஞர் குட்டிச் சைக்கிள் ஒன்றில் விர்ரென்று வருகிறார். வந்த வேகத்தில் சைக்கிளோடு எழும்பி, மூன்று பேரையும் தாண்டி, அந்தப் பக்கம் போய் இறங்குகிறார்!

'தாத்தா கதை விடுகிறார்' என்று நினைக்கிறீர்களா? கதை இல்லை. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் என் இரண்டு கண்களாலும் பார்த்தேன்.

என் மகள் அமெரிக்காவில் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரில் இருக்கிறாள். பேரன் அங்கே நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அந்த நாட்டில் செப்டம்பர் மாதத்தில் தாத்தா பாட்டி தினம் வரும். அதையொட்டி ஒரு வெள்ளிக்கிழமை எங்களையும் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைந்தோம், பிஸ்கட் தின்றோம். கிளம்பும் நேரத்தில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, இன்றைக்கு ஸ்டண்ட் ஷோ இருக்கிறது. இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்றான்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் காலம் கழித்தவன் நான். பள்ளிக்கு மந்திரவாதி வந்து பார்த்திருக்கிறேன். பொம்மலாட்டம், பாம்பாட்டி எல்லாம் வந்ததுண்டு. சைக்கிள் சாகசம் வந்து பார்த்ததில்லை. சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டிக்குள் இருந்து ஒரு மலை!

பள்ளிக்குப் பின்னால் கார் நிறுத்தும் பெரிய தளம். அங்கே ஒரு வேன் நின்றது. அதன் பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் வண்டியை நான்கு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டுப் பலகைகள் மடக்குக் கட்டில் போல விரிந்தன. உள்ளே இருந்து இன்னும் சில பலகைகளும் இரும்புக் கால்களும் வந்தன. அரை மணி நேரத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் ஏறு சாய்தளமும், அதற்கு எதிரே ஓர் இறங்கு சாய்தளமும் தயார். நடுவில் இடைவெளி. அந்த இடைவெளியைத்தான் பறந்து கடக்க வேண்டும்.

வேலை செய்த நான்கு பேரையும் நான் கூலியாட்கள் என்று நினைத்தேன். அதில் மூன்று பேர் சற்று நேரத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். இரண்டு பேர் சைக்கிள்காரர்கள், ஒருவர் ஸ்கேட்போர்டு ஓட்டும் பெண். நான்காமவர் கையில் ஒலிவாங்கி. மேடை கட்டுவதும் அவர்களே, ஆடுவதும் அவர்களே, முடிந்ததும் கூட்டிப் பெருக்கி மூட்டை கட்டுவதும் அவர்களே. நம் ஊர் கூத்துக்காரர்களின் நினைவு வந்தது எனக்கு.

இப்படிப் பள்ளி பள்ளியாகப் போய்ச் சாகசம் காட்டும் குழுக்கள் அமெரிக்காவில் பல இருக்கின்றன. பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டி அழைக்கிறது. சும்மா வேடிக்கை காட்டிவிட்டுப் போகப் பள்ளிகள் விடுவதில்லை. ஹெல்மெட் அணியுங்கள், பலவீனமான பிள்ளையைச் சீண்டாதீர்கள், போதைப் பொருள் பக்கம் போகாதீர்கள் என்று ஏதாவது ஒரு செய்தியும் நிகழ்ச்சிக்குள் இருக்க வேண்டும்.

ஒரு குட்டிச் சைக்கிளின் ஜாதகம்

சாகசத்துக்குப் போவதற்கு முன் அந்தச் சைக்கிளைக் கொஞ்சம் பார்ப்போமா?

அதன் பெயர் பி.எம்.எக்ஸ். 'பைசிக்கிள் மோட்டோகிராஸ்' என்பதன் சுருக்கம். 'கிராஸ்' என்றால் குறுக்கு அல்லவா? குறுக்கே போட்ட கோடு எக்ஸ் எழுத்தைப் போல இருப்பதால் அந்த எழுத்தையே வைத்துவிட்டார்கள்!

சக்கரத்தின் அளவு 20 அங்குலம். உங்களில் பலர் குரங்குப் பெடல் போட்டுப் பழகும் அப்பாவின் சைக்கிளை விட மிகச் சிறியது. கியர் கிடையாது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எதுவும் கிடையாது. சீட் மிகவும் தாழ்வாக இருக்கும். ஏனென்றால் அதில் யாரும் உட்காரப் போவதில்லை! பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்டுவார்கள். சக்கரத்தின் அச்சில் இரண்டு பக்கமும் சாண் அளவுக்கும் குறைவான உலோகக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் காலை வைத்து நிற்கலாம்.

இப்போது ஒரு கேள்வி. ஹேண்டில் பாரை ஒரு முழுச் சுற்று சுற்றினால் பிரேக் கம்பி என்ன ஆகும்? கழுத்தில் சுற்றிய பாம்பு போலச் சிக்கிக்கொள்ளும் அல்லவா? அதற்காகக் 'கைரோ' என்ற ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். பிரேக் கம்பி அந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு வளையத்தின் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் மாட்டப்பட்டிருக்கும். மேல் பாதி ஹேண்டிலோடு சுற்றும், கீழ்ப் பாதி அசையாது. இழுத்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். சில சாகசக்காரர்கள் 'வம்பே வேண்டாம்' என்று பிரேக்கையே கழற்றி விடுகிறார்கள். செருப்புக் காலால் டயரை அழுத்தி நிறுத்தும் நம் ஊர் வீரர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் தயவுசெய்து இந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடவும்!

பம்பரமாய்ச் சுழன்றார்

முதலில் வந்தவர் சாய்தளத்துப் பக்கமே போகவில்லை. சமதரையில் நின்றபடி முன் சக்கரத்தின் குழாய்மேல் ஒரு காலை வைத்தார். சைக்கிளின் பின்பாகம் மேலே எழும்ப, முன் சக்கரத்தின் மேலேயே பம்பரம் போலச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றச் சுற்ற வேகம் கூடியது. யாரும் தள்ளவில்லை, பெடலும் மிதிக்கவில்லை. பின் வேகம் எங்கிருந்து வந்தது?

வீட்டில் சுழல் நாற்காலி இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு கைகளையும் அகல விரித்து உட்காருங்கள். தம்பியை மெதுவாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். சுற்றும்போதே கைகளை மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி சட்டென்று வேகம் எடுக்கும்! சுழலும் பொருளின் எடை நடுவை நோக்கி நெருங்கினால் சுழற்சி வேகம் கூடும். அந்த இளைஞரும் அதைத்தான் செய்தார். சைக்கிளைத் தன் உடம்போடு ஒட்ட இழுத்துக்கொண்டார், வேகம் கூடியது. தள்ளிப் பிடித்தார், வேகம் குறைந்தது. எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் மூன்று நாள் நடத்திய பாடத்தை அவர் முப்பது விநாடியில் நடத்திவிட்டார்!

அடுத்து அந்தப் பெண் ஸ்கேட்போர்டுடன் வந்தார். மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடுகளை, வழக்கமாக ஏழு அடுக்கு, பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. மேலே உப்புத்தாள் போலச் சொரசொரப்பான தாள் ஒட்டியிருக்கும். கீழே நான்கு சக்கரங்கள். தொடக்கத்தில் இரும்பிலும் களிமண் கலவையிலும் சக்கரம் செய்தார்கள். சின்னக் கல் பட்டாலும் ஆள் குப்புற விழுவார். 1970களின் தொடக்கத்தில் பாலியூரித்தேன் என்ற, ரப்பர் போன்ற பொருளில் சக்கரம் வந்த பிறகுதான் இந்த விளையாட்டு வேகம் பிடித்தது.

அவர் ஓட்டிக்கொண்டே வந்து ஒரு கயிற்றைப் பலகையோடு தாண்டினார். கையால் பலகையைத் தொடவே இல்லை. காலில் கட்டவும் இல்லை. பலகை எப்படி அவரோடு எழும்பியது?

பின்காலால் பலகையின் வாலை ஓங்கி மிதிக்கிறார். வால் தரையில் 'டக்' என்று மோதுகிறது, தலை மேலே துள்ளுகிறது. அதே நொடியில் அவரும் குதித்துவிடுகிறார். முன்காலை அந்தச் சொரசொரப்புத் தாளில் உரசியபடி முன்னே நகர்த்துகிறார். உராய்வினால் பலகை காலோடு மேலே இழுபட்டு அந்தரத்தில் சமமாகிறது. இந்தக் குதிப்புக்கு 'ஓலி' என்று பெயர். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன் 1970களின் பிற்பகுதியில் சாய்வான சுவரில் இதைக் கண்டுபிடித்தான். ஓலி என்பது அவனுடைய செல்லப் பெயர். சில ஆண்டுகள் கழித்து ராட்னி மல்லன் என்பவர் இதைச் சமதரையில் செய்து காட்டினார். இன்று எந்த ஊர் ஸ்கேட்போர்டுக்காரரைக் கேட்டாலும் முதலில் கற்றது ஓலி என்பார்கள். உராய்வு என்றால் பொருளை நிறுத்தும் விசை என்று மட்டும் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். தூக்கிவிடவும் அது உதவுகிறது பாருங்கள்.

விழுந்தார்!

இப்போதுதான் முக்கியமான கட்டம்.

இரண்டாவது சைக்கிள்காரர், இருபது வயது இருக்கும், சாய்தளத்தை நோக்கி வந்தார். அவர் அவ்வளவு தூரம் தள்ளிப் போய்த் தொடங்கியது ஏன் தெரியுமா? வேகம் வேண்டும். மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மேலே ஏறினால், உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஏறத்தாழ 2 மீட்டர் உயரம் எழும்பலாம். ஓடும் வேகம் உயரமாக மாறுகிறது. இறங்கும்போது அந்த உயரம் மறுபடி வேகமாக மாறிவிடும். இறங்கும் இடமும் சரிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சமதரையில் விழுந்தால் மொத்த வேகமும் ஒரே அடியாக முழங்காலில் இறங்கும். சரிவில் இறங்கினால் உடம்பு போகும் திசையிலேயே தரையும் போகிறது. அடி மெல்ல விழும்.

சாய்தளத்தின் நுனியில் இருந்து ஒரு மீட்டர் எழும்பி அதே மட்டத்துக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு விநாடிகூட இல்லை! அந்த ஒரு விநாடிக்குள் அவர் செய்ய நினைத்தது இதுதான்: ஹேண்டிலைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு, சைக்கிளின் உடம்பை மட்டும் காலால் உதைத்து ஒரு முழு வட்டம் சுற்றவிட்டு, அது திரும்பி வரும்போது பெடலில் சரியாகக் காலை வைத்து இறங்குவது. 'டெயில்விப்' என்கிறார்கள். அதாவது வாலைச் சுழற்றுவது.

ஏறினார், எழும்பினார், உதைத்தார். சைக்கிள் முக்கால் வட்டம் வந்தது. கால் பெடலைத் தொடவில்லை. கீழே விழுந்தார்.

ஐந்நூறு பிள்ளைகளும் 'ஆ' என்று அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

விழுந்தார் என்றேனே, அவர் எப்படி விழுந்தார் என்பதை நான் உற்றுப் பார்த்தேன். சைக்கிளைத் தன்னிடம் இருந்து தூர உதறினார். கையை நேராகத் தரையில் ஊன்றவில்லை. நாமெல்லாம் விழும்போது முதலில் அதைத்தான் செய்கிறோம், மணிக்கட்டு எலும்பு முறிகிறது. அவர் இரண்டு எட்டு ஓடி, உடம்பைச் சுருட்டி, தோளில் உருண்டு எழுந்தார். முழங்காலில் கவசம், முழங்கையில் கவசம், தலையில் ஹெல்மெட். விழுவதையும் ஒரு பாடமாகப் படித்திருக்கிறார்.

மறுபடி போனார். மறுபடி விழுந்தார். இந்தத் தடவை யாரும் அலறவில்லை. ஒரே அமைதி. ஒலிவாங்கிக்காரர் நகைச்சுவையாக ஏதோ சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. அந்த இளைஞர் கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, சாய்தளத்தின் நுனியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பின் சைக்கிளை உருட்டிக்கொண்டு முதலில் நின்ற இடத்துக்கே போனார்.

மூன்றாம் தடவை சைக்கிள் முழு வட்டமும் வந்தது. இரண்டு கால்களும் பெடலில். 'தட்' என்று இறங்கினார். அடேயப்பா, அப்போது எழுந்த சத்தம்! எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் தன் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டி ஆரவாரம் செய்தார்.

அந்த இரண்டு வீழ்ச்சியும் வேண்டுமென்றே செய்த நாடகமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆசிரியர் புத்தி! நிகழ்ச்சி முடிந்து பலகைகளை மடக்கிக்கொண்டிருந்தபோது அவரிடமே போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே முழங்கை உறையை இறக்கிக் காட்டினார். புதிதாகத் தோல் வழண்டிருந்தது. "காலையில் வேறொரு பள்ளியில் முதல் தடவையே வந்துவிட்டது ஐயா, இங்கே காற்று கொஞ்சம் அதிகம்" என்றார். எதிர்க்காற்றில் வேகம் குறைந்திருக்கிறது. இந்த ஒரு வித்தையைக் கற்க எவ்வளவு காலம் ஆனது என்றேன். முதலில் தடித்த பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய பள்ளத்தில் விழுந்து விழுந்து பழகினாராம். அங்கே சரியாக வந்த பிறகும் மரத் தளத்தில் துணிந்து செய்ய ஒரு குளிர்காலம் முழுவதும் ஆகியிருக்கிறது.

முலாம்பழமும் தெர்மோகோலும்

நடுவில் ஒலிவாங்கிக்காரர் இரண்டு முலாம்பழங்களைக் கொண்டு வந்தார். ஒன்றை அப்படியே தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட்டார். சிதறியது. முன்வரிசைப் பிள்ளைகள்மேல் சாறு தெறித்தது. இன்னொன்றுக்கு ஹெல்மெட் மாட்டிப் போட்டார். துள்ளி உருண்டது, உடையவில்லை.

ஹெல்மெட்டுக்குள் இருப்பது என்ன தெரியுமா? உங்கள் செயல்முறைப் பாடத்துக்கு வாங்கும் தெர்மோகோல்தான்! சற்றுக் கெட்டியாகச் செய்தது. மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு நேரம்தான் மூளையைக் காப்பாற்றுகிறது. ஒருமுறை நசுங்கினால் பழையபடி ஆகாது. ஆகவே, பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளப்பாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும்.

மாட்டும் முறையும் காட்டினார்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம். காதுக்குக் கீழே பட்டைகள் 'வி' போலச் சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வாக இருக்கக் கூடாது. பின்னால் சாய்த்துத் தொப்பி போல மாட்டினால் நெற்றிக்குப் பாதுகாப்பு இல்லை.

அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன காட்சி. தலைமை ஆசிரியை, பெண்மணி, அவரே முன்வந்து படுத்தார். சைக்கிள்காரர் முழங்காலை மடக்கிப் பதுங்கி, முன் சக்கரத்தை இழுத்துத் தூக்கி, காலால் எம்பி, ஹேண்டிலை முன்னே தள்ளினார். பின் சக்கரம் தானாக மேலே வந்தது. முயல் தாவுவது போல இருப்பதால் இதற்கு 'பன்னி ஹாப்' என்று பெயர். பிள்ளைகளுக்கு ஆனந்தம். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சற்று முன் இரண்டு தடவை ஒருவர் விழுந்ததைப் பார்த்த பிறகு, அடுத்தவர் உயிரோடு விளையாடுவது எதற்கு? அங்கே இது பல காலமாக நடக்கும் வழக்கம் என்றார்கள். இருக்கட்டும், என் எண்ணம் மாறவில்லை.

யார் தொடங்கியது?

1963இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 'ஸ்டிங் ரே' என்ற சிறுவர் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970 வாக்கில் கலிஃபோர்னியாவின் தென்பகுதிப் பையன்கள் அதை எடுத்துக்கொண்டு புழுதிக் காட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களைப் போல ஓட்டினார்கள். அதுதான் பி.எம்.எக்ஸ். பெரியவர்கள் யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு உண்டாக்கியதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பாப் ஹாரோ. நன்றாகப் படம் வரைவார். பி.எம்.எக்ஸ். பத்திரிகை ஒன்றில் ஓவியராக இருந்தார். பந்தயத்தில் முந்துவதை விடச் சைக்கிளை வைத்து வித்தை காட்டுவதில்தான் அவருக்கு ஆசை. 1980 வாக்கில் ஆர்.எல். ஆஸ்பர்ன் என்ற நண்பரோடு சேர்ந்து பந்தயங்களின் இடையே வித்தை காட்ட ஆரம்பித்தார். 1981 கோடையில் இன்னொரு நண்பரோடு வேனில் கிளம்பி ஊர் ஊராகப் போய்க் காட்டினார். 1982இல் வெளிவந்த 'ஈ.டி.' படம் பார்த்திருக்கிறீர்களா? அதில் சிறுவர்கள் சைக்கிளில் தப்பி ஓடும் காட்சிகளில் ஓட்டியவர்களில் இவரும் உண்டு. இவரைத் தொடர்ந்து சைக்கிள் நிறுவனங்கள் கோடை தோறும் குழுக்களை வேனில் ஏற்றி அனுப்பின. கடை வாசல், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் மேடை ஆனது.

1980களின் இறுதியில் மவுசு குறைந்தது. நிறுவனங்கள் கையை விரித்துவிட்டன. அந்தக் காலத்தில் இந்த வித்தையை அணையாமல் காத்தவர்களில் மேட் ஹாஃப்மன் முக்கியமானவர். ஒக்லஹோமா மாநிலத்துக்காரர். தானே ஒரு குழு அமைத்து ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்தினார், சைக்கிளும் செய்தார். மிக உயரமாக எழும்ப முயன்று விழுந்ததில் ஒருமுறை மண்ணீரல் கிழிந்து சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியவர். எத்தனையோ அறுவைச் சிகிச்சைகள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை குழந்தைகளே. இந்த விளையாட்டுக்கு இப்படி ஒரு முகமும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

பள்ளிக்கு வரும் குழுக்கள் இவ்வளவு ஆபத்தானதைச் செய்வதில்லை. அவர்களுடையது தினசரிப் பிழைப்பு. இன்று காலை ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி, நாளை இன்னொரு ஊர். எலும்பு முறிந்தால் வாரக்கணக்கில் வருமானம் இல்லை.

தெருப் பையன்களின் விளையாட்டு இன்று ஒலிம்பிக் வரை போய்விட்டது. பி.எம்.எக்ஸ். பந்தயம் 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பி.எம்.எக்ஸ். சாகசமும் ஸ்கேட்போர்டும் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தன. அங்கே பெண்களுக்கான தெரு ஸ்கேட்போர்டு போட்டியில் தங்கம் வென்றவருக்கும் வெள்ளி வென்றவருக்கும் வயது 13! சைக்கிள் சாகசத்தில் தங்கம் வாங்கிய பிரிட்டன் பெண் சார்லட் வொர்திங்டன், முதல் வாய்ப்பில் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டபடி சுழன்று, விழுந்துவிட்டார். இரண்டாம் வாய்ப்பில் எளிதான ஒன்றைச் செய்து மதிப்பெண் எடுத்திருக்கலாம். அவர் விழுந்த அதே வித்தையையே மறுபடி செய்தார். 97.50 மதிப்பெண்!

நம் நாட்டிலும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஜன்வார் என்ற சிற்றூரில் 2015இல் ஒரு ஸ்கேட்போர்டு பூங்கா கட்டினார்கள். அங்கே ஒரு விதி: பள்ளிக்குப் போகாதவர்களுக்குப் பலகை கிடையாது. இன்னொரு விதி: பெண் பிள்ளைகளுக்கே முதல் இடம். நம் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் ஸ்கேட்போர்டு ஆர்வத்தை வைத்து எடுத்த 'கமலி' என்ற ஆவணப்படம் 2019இல் வெளிவந்து பல நாடுகளில் பேசப்பட்டது.

ஒரு சாவியின் கதை

என் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1991 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். படிப்பில் சுமார். மதிய இடைவேளையில் அவன் தன் அப்பாவின் பெரிய சைக்கிளில் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரத்திலேயே மைதானத்தின் பாதி தூரம் ஓட்டினான். பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் போய்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு வாரம் கொடுக்கவில்லை. நான்கு கிலோமீட்டர் நடந்தே வந்து போனான்.

சிறு பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் அப்படி ஓட்டியது தவறு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், 'இதை எப்படிடா பழகினாய், எத்தனை தடவை விழுந்தாய்?' என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அந்தப் பெரிய சைக்கிளை அப்படி நிறுத்த எத்தனை மாலைகள் பழகியிருப்பான்! சிகாகோப் பக்கம் கார் நிறுத்தும் தளத்தில் அந்த இளைஞர் தூசியைத் தட்டிவிட்டு நின்றபோது எனக்கு இவன் முகம்தான் வந்தது.

அன்று மாலை பேரனிடம், "நிகழ்ச்சியில் என்னென்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன். ஒலிவாங்கிக்காரர் சொன்ன நல்ல கருத்துகள் ஐந்தில் ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை. "அந்த அண்ணன் இரண்டு தடவை விழுந்தார் தாத்தா. அத்தனை பேர் பார்க்கிறார்கள், வெட்கமே படவில்லை" என்றான். அவன் ஒரு தடவை வகுப்பில் சத்தமாகப் படிக்கும்போது தடுமாறி, மற்றவர்கள் சிரித்ததில் இருந்து வாயே திறப்பதில்லை என்று மகள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை.

பிறகு ஹெல்மெட்டை எடுத்து வந்து நீட்டினான். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் வைத்துப் பார்த்துப் பட்டையை இறுக்கினேன். தெருவில் இறங்கக் கூடாது, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். (உங்கள் வீட்டிலும் இதே சட்டம்தான், தெரிகிறதா?) வாசல் பாதையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டான். இரண்டு சக்கரமும் கோட்டைத் தொடாமல் தாண்ட வேண்டும். முன் சக்கரம் தாண்டிவிட்டது. பின் சக்கரம் ஒவ்வொரு தடவையும் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. நான் நாற்காலி போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு வரை எண்ணினேன். இருட்டிவிட்டது. மகள் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை தாத்தா!"

எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டேன்.